சுவரில் கை வைக்கும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காலை நேரம், வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் நம் வளாகத்தில் ஒரு வீட்டில் இரண்டு நாளாக சுத்தியல் சத்தம் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். படுக்கையறையில் வார்ட்ரோப் செய்கிற வேலை. சுவரை விட்டு தூண் மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் பலகை நேராக உட்காரவில்லை. மேஸ்திரி அந்த மூலையைக் கொத்தி எடுத்துவிட்டார். தரைத்தளத்து வீடு அது. அந்தத் தூணுக்கு மேலே நான்கு மாடிகள் இருக்கின்றன.

நான் போய்ப் பார்த்தபோது கம்பி வெளியே தெரிந்தது. இரண்டு ரிங் அறுந்திருந்தது. தூணுக்குள் செங்குத்தாக நிற்கும் கம்பிகளை வெளியே பிதுங்கிப் போகாமல் கட்டிப் பிடித்திருப்பவை இந்த ரிங்குகள்தான். அவை அறுந்தால், மேலிருந்து வரும் பாரத்தில் கம்பி வளையும். வளைந்தால் கான்கிரீட் பிளக்கும். அன்று மாலையே இரும்பு முட்டு கொடுத்து, அறுந்த ரிங்கைச் சேர்த்து, மைக்ரோ கான்கிரீட் போட்டுச் சரிசெய்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். "தூணைத் தொடறாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்றார். நான் நம்புகிறேன். அதனால்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்.

மேஸ்திரிகளிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பில்லர்தானுங்க லோடு தாங்குது, செவுரு சும்மா நிக்குதுங்க." அதில் பாதி உண்மை இருக்கிறது. நம்முடையது போன்ற ஆர்.சி.சி. சட்டகக் கட்டடத்தில் மாடிகளின் பாரம் பீம் வழியாகத் தூணுக்கும், தூண் வழியாக அஸ்திவாரத்துக்கும் இறங்குகிறது. நடுவில் இருக்கும் நாலரை அங்குலச் சுவர் அறையைப் பிரிப்பதற்காகக் கட்டியது. ஆனால் 'சும்மா நிற்கிறது' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலு கால் ஸ்டூலில் கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை இருக்குமல்லவா? அதை எடுத்துவிட்டு ஆடாமல் உட்கார்ந்தால் ஸ்டூல் நிற்கும். யாராவது ஆட்டினால்தான் தெரியும்.

நம்மை யார் ஆட்டப் போகிறார்கள் என்று கேட்கலாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவில் நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2002-இல் வந்த ஐ.எஸ். 1893 வரைபடம் நம் ஊரை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது, சும்மா அல்ல. 2001-இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் நிறைய, கீழே சுவரே இல்லாமல் கார் நிறுத்துவதற்காகத் திறந்து விட்டவை. நம் கட்டடத்திலும் பாதிக் கீழ்த்தளம் பார்க்கிங்தான். மீதிப் பாதியில் இருக்கும் சுவரையும் ஓப்பன் கிச்சனுக்காக எடுத்துக்கொண்டே போனால் என்ன மிச்சம்?

இதெல்லாம் சட்டகக் கட்டடத்துக்கு. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரேதான் தளத்தைத் தாங்கும். ஊரில் அப்பா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். அங்கே ஒரு சுவரில் வாசல் திறப்பது என்றால், முட்டுக் கொடுத்து, மேலே பீம் போட்ட பிறகுதான் செங்கல்லை எடுக்க வேண்டும். புதிதாக வரும் உயரமான அடுக்குமாடிகளில் மைவான் முறையில் சுவரும் தளமும் கான்கிரீட்டாகவே சேர்த்து வார்க்கிறார்கள். அங்கே எந்தச் சுவரும் 'சும்மா' இல்லை. உங்கள் பிள்ளைகள் அப்படி வீடு வாங்கியிருந்தால் சொல்லி வையுங்கள்.

மின்வயர் குழாய்க்குப் பள்ளம் வெட்டுவது சின்ன வேலை என்று நினைக்கிறோம். பாரம் தாங்கும் செங்கல் சுவருக்கு ஐ.எஸ். 1905 ஒரு கணக்கு வைத்திருக்கிறது: நெடுக்குப் பள்ளம் சுவர்ப் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது, கிடைமட்டப் பள்ளம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. அதாவது ஒன்பது அங்குலச் சுவரில் கிடையாக ஒன்றரை அங்குலம்தான். சுவிட்ச் போர்டிலிருந்து போர்டுக்கு மெஷினை வைத்து நேர்கோடாக இழுத்துவிட்டுப் போகிறாரே எலக்ட்ரீஷியன், அது சுவரைக் குறுக்கே அறுப்பது. மேலே கொண்டுபோய்க் கீழே இறக்கச் சொல்லுங்கள். வயர் நாலு மீட்டர் கூடும், அவ்வளவுதான். ஏ.சி. குழாய்க்கு பீமில் ஓட்டை போடுவதைப் பற்றி நான் பேசவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உடைத்ததை எங்கே குவிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். வீட்டுத் தளத்தை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உபயோகப் பாரத்துக்குக் கணக்கிடுவது வழக்கம். மணலை ஓரடி உயரத்துக்குக் கொட்டினாலே அது 450 கிலோவைத் தாண்டும். டைல்ஸ் பெட்டிகளை ஹால் நடுவில் அடுக்குவதும் இதே கதைதான்.

2017 ஜூலை 25, மும்பை காட்கோபரில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சித்தி சாய் என்ற நான்கு மாடிக் குடியிருப்பு, காலை வேளையில் அப்படியே அமர்ந்துவிட்டது. 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் ஒரு நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. அங்கே தூண்களில் கை வைத்தார்கள் என்பதுதான் குடியிருந்தவர்களின் குற்றச்சாட்டு. அந்த இடத்தின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இறந்தவர்கள் யாரும் தங்கள் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட அசைத்தவர்கள் அல்ல. மேலே குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

2022 பிப்ரவரியில் குருகிராமில் சிண்டெல்ஸ் பாரடைசோ என்ற குடியிருப்பில் இன்னொன்று. ஆறாவது மாடி வீட்டில் தரை வேலை நடந்தபோது தளம் இடிந்து, ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். பிறகு ஐ.ஐ.டி. டெல்லி சோதித்ததில் கான்கிரீட்டிலேயே குளோரைடு இருந்தது, கம்பி துருப்பிடித்திருந்தது தெரிந்தது. கான்கிரீட்டுக்கு உள்ளே என்ன நிலைமை என்று நம் யாருக்கும் வெளியே நின்று தெரியாது.

'என் வீடு, என் சுவர்' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அஸ்திவாரம், தூண், பீம், தளம் எல்லாம் பெரும்பாலும் பொதுவில்தான் எழுதியிருக்கும். பெயின்ட் உங்களுடையது, பூச்சு உங்களுடையது, ஆணி அடிப்பதற்கு யாரும் வரமாட்டோம்.

செயற்குழுவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. உடைக்கும் மெஷின் கேட்டுக்குள் நுழையும் முன்பு, எந்தச் சுவரில் என்ன வேலை என்று ஒரு தாளில் படம் வரைந்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இன்டீரியர்காரரின் கையெழுத்து போதாது. அவர் அழகைப் பார்க்கிறவர், அது தப்பில்லை. வேலை நடக்கும்போது மேல் வீட்டிலோ கீழ் வீட்டிலோ கதவு திடீரென்று இறுகினாலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பினாலோ, சண்டை வருமே என்று தயங்காமல் வாட்ச்மேனிடம் சொல்லி வேலையை நிறுத்துங்கள்.

ஏ பிளாக்கின் கட்டமைப்பு வரைபடம் அலுவலக பீரோவில் இருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், எப்படிப் படிப்பது என்று நானே சொல்லித் தருகிறேன். பி பிளாக்கினுடையது தொலைந்துவிட்டது. வீடு வாங்கியபோது பில்டர் கொடுத்த நகல் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே கொண்டுவந்து கொடுங்கள். பி பிளாக்கில் அடுத்த மாதம் இரண்டு வீடுகளில் வேலை ஆரம்பிக்கிறார்கள்.