பாதி லாரி, பாதி டாங்கி

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

யுத்தக் கருவிகளைப் பற்றிப் பேசுவது தளபதிகளின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அவற்றைச் செய்கிறவன் தொழிலாளி. அவற்றில் ஏறிச் சாகிறவன் தொழிலாளியின் மகன், விவசாயியின் மகன். ஆகவே இரண்டாவது உலக யுத்தத்தில் ஓடிய ஒரு வண்டியின் கதையை இன்று பார்ப்போம். முன்னால் லாரியைப் போல இரண்டு சக்கரம். பின்னால் டாங்கியைப் போலச் சங்கிலிப் பட்டை. இதை அரைச்சங்கிலி வண்டி என்று சொல்வோம்.

இதன் மூதாதை எங்கே பிறந்தது? ஜார் மன்னன் இரண்டாம் நிக்கோலஸின் மோட்டார் கொட்டகையில்! அங்கே வேலை பார்த்த கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், மன்னனின் கார் பனியில் புதையாமல் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் நெகிழும் பட்டையைப் பூட்டினார். 1917-ல் ஜார் ஆட்சி சரிந்தது. கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பினார். ஆனால் பட்டையின் வித்தை ரஷ்யாவில் தங்கிவிட்டது. பெட்ரோகிராடின் புட்டிலோவ் ஆலைத் தொழிலாளர்கள் 1919-ல் ஆஸ்டின் கவசக் கார்களில் அதைப் பூட்டிச் செஞ்சேனைக்குக் கொடுத்தார்கள். லெனின் பனிக்காலத்தில் சென்ற ரோல்ஸ் ராய்ஸ் காரிலும் இதே பட்டைதான். மன்னனின் உல்லாசத்துக்குச் செய்தது மக்களின் உடைமையாயிற்று.

யுத்தத்தில் இதற்கு ஏன் தேவை வந்தது? காலாட்படை இல்லாமல் டாங்கி தனியே போனால், பதுங்குகுழியில் இருப்பவன் அதை அருகிலிருந்து தாக்கி அழித்துவிடுவான். சிப்பாயை லாரியில் ஏற்றினாலோ அது வயலிலும் சேற்றிலும் சிக்கிக்கொள்ளும். இந்த இடைவெளியை நிரப்பவே இரும்புத் தகடு போர்த்த அரைச்சங்கிலி வண்டி வந்தது.

நாஜி ஜெர்மனியில் ஹானோமாக் கம்பெனி வடிவமைத்த '251' என்ற வண்டி 15 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. பத்துச் சிப்பாய்களை ஏற்றும், கூரை கிடையாது. அதன் பட்டைச் சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியவை. உள்சக்கரம் பழுதானால் வெளிச்சக்கரங்களைக் கழற்ற வேண்டும். ரஷ்யக் குளிரில் சேறு இடையில் புகுந்து உறைந்துவிடும். செய்வதற்கும் உழைப்பு மிக அதிகம். ஆகவே ஹிட்லரின் டாங்கி டிவிஷன்களிலேகூடப் பெரும்பாலான காலாட்படை லாரியில்தான் போயிற்று. 1941 ஜூன் 22-ல் சோவியத் நாட்டின்மீது பாய்ந்த படை, 6 லட்சம் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டுதான் வந்தது! மின்னல் வேக யுத்தம் என்ற விளம்பரத்தின் உண்மை இதுதான்.

அமெரிக்கா, கெக்ரெஸின் வண்டிகளை 1931-ல் வாங்கி ஆராய்ந்து, பிறகு தன் 'எம்-3' வண்டியைச் செய்தது. ரப்பர்ப் பட்டை, லாரி உறுப்புகள், முன்சக்கரத்துக்கும் இயந்திர விசை; 13 பேர் ஏறலாம். எளிதாகச் செய்ய முடிந்ததால் பல வகைகளில் 50 ஆயிரத்துக்கும் மேல் வெளிவந்தன. ஆனால் பக்கத் தகட்டின் கனம் கால் அங்குலமே. சிப்பாய்கள் இதற்கு வைத்த பெயர் 'பர்ப்பிள் ஹார்ட் பெட்டி'. பர்ப்பிள் ஹார்ட் என்பது யுத்தத்தில் காயம்பட்டவனுக்கும் மாண்டவனுக்கும் தரும் பதக்கம். கசப்பான வேடிக்கை!

சோவியத் ஆலைகள் தம் பலத்தையெல்லாம் டாங்கிகளில் செலுத்தின. செஞ்சேனை வீரர்கள் டி-34 டாங்கிகளின் முதுகைப் பற்றிக்கொண்டே களம் புகுந்தார்கள். அதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் செய்த, பீரங்கி பொருத்திய 650 அரைச்சங்கிலி வண்டிகள் 'எஸ்.யு.-57' என்ற பெயரில் செஞ்சேனையில் சேர்ந்து பாசிஸத்தைத் தாக்கின. அது அந்தத் தொழிலாளர்களுக்குப் பெருமை.

பிறகு நடந்தது என்ன? அதே அமெரிக்க ஆலைகளில் பிறந்த எம்-3 வண்டிகளைப் பிரெஞ்சு ஏகாதிபத்தியம் வியத்நாமில் இறக்கியது. நெல் வயலில் வெறுங்காலோடு நின்ற விவசாயிகளை நோக்கி அவை திரும்பின. இரும்பும் காப்பாற்றவில்லை, 1954 மே 7-ல் தியன் பியன் பூ வீழ்ந்தது. பின்னர் முழுச் சங்கிலி வண்டிகள் வரவே, இந்த வண்டியின் காலமும் முடிந்தது.

தோழர்களே! வண்டி ஒன்றே, ஒருமுறை விடுதலைக்காக ஓடியது, ஒருமுறை அடிமைத்தனத்துக்காக ஓடியது. செய்த கைகளிடம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை நாமே போராடிப் பெற வேண்டும்.