இளவேனில் இரவுகளும் நம் கூத்தும்
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி இரவில் என்ன கலை நிகழ்ச்சி வைப்பது என்று இரண்டு வாரமாக வட்டாரங்கள்தோறும் பேச்சு நடக்கிறது. நகரத்திலிருந்து ஒரு கோஷ்டியை அழைக்க வேண்டும் என்கின்றனர் இளைஞர். கூத்துத்தான் ஆட வேண்டும் என்கின்றனர் முதியோர். இரு சாராரும் அறைவீட்டு விறாந்தைக்கு வந்து தங்கள் நியாயத்தை எடுத்துரைத்தீர்கள். சிலர் சற்று உரத்தே உரைத்தீர்கள்! முடிவுக்கு வருமுன், இந்தத் தீவில் இக்காலத்துக் கலைகள் எப்படி வாழ்ந்து வந்திருக்கின்றன என்பதைச் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

மேல்நாட்டாருக்கு வசந்தம் என்றால் பனி உருகும் காலம். நமக்குப் பனியும் இல்லை, உருகுவதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் இளவேனில் என்று நம் முன்னோர் பெயரிட்ட சித்திரையும் வைகாசியும் நமக்கும் தனிப் பருவமே. மாரி ஓய்ந்து, நெல் அறுவடையாகி, களம் வெறுமையாகும். வாடை அடங்கிச் சோளகம் எழும்புமுன் கடல் சில வாரம் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். மழைப் பயம் இல்லாத வெளி, கையில் கொஞ்சம் காசு, நீண்ட நிலாக்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் மனிதன் ஆடாமல் என்ன செய்வான்?

ஆகவேதான் இத்தீவு முழுவதும் இக்காலத்தில் ஆட்டமும் பாட்டுமாய் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குத் தமிழரும் சிங்களவரும் ஒரே நாளில் கைவிசேஷம் கொடுக்கின்றனர். வழுக்குமரம் ஏறுவதும், கயிறு இழுப்பதும், முட்டி உடைப்பதும் இரு சாராருக்கும் பொது. யாழ்ப்பாணத்தில் போர்த்தேங்காய் அடிப்பார்கள், மாட்டுவண்டிச் சவாரி விடுவார்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். முள்ளியவளையார் ஆடும் கோவலன் கூத்தின் பெயரை அறியாதார் வன்னியில் இல்லை. மட்டக்களப்பில் ஊர் இரு சேரியாகப் பிரிந்து, இரண்டு வளைந்த கொம்புகளைக் கோத்து, ஒன்று முறியும்வரை இழுப்பதைக் கொம்புமுறி என்பர். அதே மாதத்தில் தெற்கே வெசாக் கூடுகளும் பந்தல்களும்.

கத்தோலிக்கராகிய நமக்கு இப்பருவம் ஒரு விசித்திரமான ஒழுங்கில் வருகிறது. முதலில் சாம்பல், பின்பு நாற்பது நாள் துக்கம், அதன் பின்னரே ஆட்டம். தபசுகாலத்தில் மேளம் கட்டிப் போய்விடும். அதற்குப் பதிலாக வியாகுலப் பிரசங்கம் தொடங்கும். அந்த ஒன்பது பிரசங்கங்களை நமக்கு ஆக்கித் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கோவையில் அல்ல, கோவாவில் 1676-ஆம் ஆண்டு பிறந்தவர். 1705-இல் இங்கு வந்து, 1742-இல் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். ஒல்லாந்தர் நம் வேதத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழியிலும் மக்கள் அழுது வாசிக்கத்தக்க நூல்களை எழுதினார். பெரிய வெள்ளியன்று நம் பாட்டிமார் அதை இழுத்து வாசிக்கும்போது கோயிலில் கண் கலங்காதவர் யார்?

அந்தத் துக்கம் கண்ணுக்கும் காட்சியாக வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். அவ்வாறு பிறந்ததே பாஸ்கு என்னும் திருப்பாடுகளின் காட்சி. நீர்கொழும்பை அடுத்த தூவ என்னும் மீனவர் ஊரின் பாஸ்கு பேர்போனது. (தூவ என்ற சிங்களச் சொல்லுக்கே தீவு என்றுதான் பொருள்.) முன்னாளில் அங்கே சுரூபங்களை வைத்தே காட்சி நடத்தினார்கள். 1939-இல் அங்குப் பொறுப்பேற்ற மார்சலின் ஜயக்கொடி சுவாமியார் அதைப் புதுக்கி, ஊர் மக்களையே நடிக்க வைத்தார். பொரலெஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா என்பவர் 1923-இல் தொடங்கிய பாஸ்குக்கோ அதே 1939-இல் தடை வந்தது. பெண்களைப் பெண் வேடத்தில் மேடையேற்றினார் என்பதே காரணம்! இன்று நம் பங்கில் வாசகம் வாசிப்போரும் மறைக்கல்வி கற்பிப்போரும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளே. இந்தச் சேதியை அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் இம்முறை கூத்தில் வேடம் கட்டவும் அவர்கள் முன்வர வேண்டும்.

தமிழர் நடுவில் இத்துறைக்கு உழைத்தவர்களுள் மரியசேவியர் அடிகளாரை மறக்க முடியாது. 1965-இல் அவர் நிறுவிய திருமறைக் கலாமன்றம், குண்டு விழுந்த ஆண்டுகளிலும் மேடையை விடவில்லை. 2021-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

இனிக் கூத்துக்கு வருவோம். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும், அடக்கி வைத்த மத்தளம் எல்லாம் ஒருமிக்கப் பேசும். நம் கரையோரப் பங்குகளில் கூத்து என்பது வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. மறைக்கல்விப் புத்தகம் இல்லாத வீட்டுக்கும் புனிதரின் சரித்திரத்தைக் கொண்டுபோனது கூத்து. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கடற்றொழிலாளி நூற்றுக்கணக்கான அடிகளை மனனம் செய்து, கரப்புடுப்பும் முடியும் தரித்து ராசாவாக நின்றான். ஊருக்குள் அவனுக்கு மற்ற நாளில் இல்லாத மதிப்பு அன்று கிடைத்தது. மன்னார்ப் பகுதியில் ஒரு கூத்தை இரண்டு இரவு தொடர்ந்து ஆடுவதும் உண்டு.

இதன் அருமையை நமக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் ஒரு குரு அல்லர், ஒரு சைவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஊரூராய்ச் சென்று ஏடுகளைத் தேடி, மன்னாரின் எண்டிரீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964-இல் அச்சேற்றினார். மூவிராசாக்கள் நாடகமும் ஞானசௌந்தரியும் அடுத்து வந்தன. நம் வீட்டுப் பெட்டியில் கறையான் அரித்த பொருளை அயல்வீட்டார் எடுத்துத் துடைத்துத் தந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அச்சேறிவிட்டதே, இனி அழியாது என்று நினைத்து விடாதீர்கள். ஏட்டில் விருத்தம் என்றும் தரு என்றும் தலைப்பிட்டிருக்கும். அதை எந்த மெட்டில் எடுப்பது, எந்த இடத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்குவது, எந்த அடிக்கு மத்தளம் தீர்மானம் வைப்பது என்பது ஏட்டில் இல்லை. அது அண்ணாவியாரின் தொண்டையிலும் விரலிலும் இருக்கிறது. நம் பங்கில் எஞ்சியுள்ள அண்ணாவியார் ஒருவரே. அவர் எண்பதைக் கடந்துவிட்டார். கடந்த மாரியில் நோயாளர் பூசுதல் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனோம். மாலையில் எழுந்து உட்கார்ந்து எஸ்தாக்கியார் வரவுப் பாட்டை முணுமுணுத்தார். பேரப்பிள்ளைகள் நால்வர் அங்கிருந்தனர். ஒருவருக்கும் அடுத்த அடி தெரியவில்லை.

எஸ்தாக்கியார் கதையை நீங்கள் அறிவீர்கள். உரோமைத் தளபதி. வேட்டையிலே மானின் கொம்புகளுக்கிடையில் சிலுவையைக் கண்டு மனந்திரும்புகிறார். பின்பு பொருள் போகிறது, வீடு போகிறது. கப்பற்காரன் மனைவியைப் பறித்துக்கொள்கிறான். ஆற்றின் ஒரு கரையில் ஒரு மகன், மறுகரையில் மற்ற மகன், நடு ஆற்றிலே தகப்பன் நிற்க, இருவரையும் மிருகங்கள் தூக்கிச் செல்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பின், போர்வீரராய் வளர்ந்த மைந்தர் தத்தம் கதையைச் சொல்லிக்கொள்ளும்போது தாய் கேட்டு அறிந்து, குடும்பம் ஒன்று கூடுகிறது.

இதைக் கட்டுக்கதை என்று குருமடத்து வரலாற்று வகுப்பிலே நாம் இலேசாக எண்ணியதுண்டு. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகப் பெயர்ந்தபோது, நடு ஆற்றில் நின்ற தகப்பன்மாரை எத்தனை பேர் கண்டோம்! இந்தப் பங்கிலேயே இன்னும் வராத மகனுக்கு இரவில் கதவைத் தாழிடாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாய்மாருக்குக் கோஷ்டியின் சினிமாப் பாட்டு என்ன சொல்லும்? எஸ்தாக்கியாரின் புலம்பல் ஏதாவது சொல்லக்கூடும் என்று நம்புகிறோம்.

2019 சித்திரை 21-ஐயும் நினையாமல் இருக்க முடியாது. புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் உயிர்ப்புப் பூசைக்கு வந்தவர்கள், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்துப் பிள்ளைகள், ஓட்டல்களில் இருந்தோர் என்று இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஊரடங்கில் கழிந்தது. துக்கத்துக்குப் பின் ஆட்டம் என்ற அந்த ஒழுங்கு அன்று குலைந்தது. நம் ஊரில் அது இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

இளைஞர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. விடியவிடியக் கூத்துப் பார்க்க இன்று யாருக்குப் பொறுமை? வித்தியானந்தனே பேராதனையில் இரவு முழுவதும் ஆடும் கூத்தைச் சுருக்கித்தான் மேடையேற்றினார். சுருக்கினால் நடுச்சாமத் தேநீரும் கச்சான் கடையும் பாயில் உறங்கும் குழந்தைகளும் போய்விடும் என்பது நமக்கு வருத்தமே. எனினும் இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்க அண்ணாவியார் இசைந்திருக்கிறார். எந்தத் தருவை விடுவது என்பதில் மட்டும் அவர் ஒருவர் பேச்சையும் கேட்கமாட்டார். அந்த உரிமையை அவருக்கு விட்டுவிடுவோம்.

ஆகவே யூபிலி இரவில் எஸ்தாக்கியார் ஆடப்படும். கோஷ்டிக்கென்று ஒதுக்கிய பணத்தில் உடுப்பு தைக்கவும் மத்தளத்துக்குத் தோல் மாற்றவும் போக மீதி, பாட்டு முழுவதையும் அண்ணாவியார் குரலிலேயே ஒலிப்பதிவு செய்யச் செலவாகும். அதை இளைஞர் மன்றம் பொறுப்பேற்கிறது. கைத்தொலைபேசியில் நாள் முழுவதும் பாட்டுக் கேட்பவர்களுக்கு இது கடினமான வேலை அல்ல. கோஷ்டி வேண்டும் என்றவர்கள் மறுநாள் மாலை, விளையாட்டுப் போட்டி முடிந்தபின், தங்கள் செலவில் வைத்துக்கொள்ளலாம். பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும்.

ஏடு தொடக்கம் வருகிற சனிக்கிழமை மாலைச் செபமாலைக்குப் பின், மறைக்கல்வி மண்டபத்தில். ராசா வேடத்துக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்துள்ளனர். கப்பற்காரன் வேடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. பிற்பாட்டுக்குக் குறைந்தது நான்கு குரல் தேவை. அவற்றுள் இரண்டாவது பெண் குரலாக இருக்கட்டும். அண்ணாவியாரைக் கூட்டிவர மேற்கு வட்டாரத்தார் ஆட்டோ ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அவர் ஆறு மணிக்கே வந்து காத்திருப்பார், பிந்தி வராதீர்கள்.