அது ஊத்தை இல்லை, தண்ணி!

பல்லைப் பற்றிப் பேச என்ன இருக்கெண்டு இந்தக் கூட்டத்து வாசலிலை ஒருவர் கேட்டார். கேட்டவற்றை வாய் நிறைய வெத்திலை!

வவுனியாப் பக்கம் கனபிள்ளையள் சிரிச்சால் பல்லிலை காவி. "காலமை பல்லுத் தீட்டேல்லையோ?" எண்டு வகுப்பிலை எழுப்பி விடுறம். பிள்ளை கரியாலை உரஞ்சுது, உப்பாலை உரஞ்சுது, முரசாலை ரத்தம் வருது. காவி போகுதில்லை. போகாது ராசா! அது ஊத்தை இல்லை, தண்ணி. பாறையிலை இருக்கிற புளோரைட்டு கிணத்துத் தண்ணியிலை கரையுது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அது கூடின தண்ணியாலை, பல்லு முளைக்க முன்னமே, முரசுக்குள்ளை உருவாகேக்கையே இந்தக் காவிக்கு வித்து விழுந்துபோச்சு. தண்ணியைக் கொதிக்க வைச்சாலும் புளோரைட்டுப் போகாது, கூடத்தான் செய்யும்.

இதை எங்களுக்குச் சொன்னது ஆர்? ஒரு பல்லு மிஸ். பேர் சொல்லவேண்டாம் எண்டு கும்பிட்டவ. மாமரத்துக்குக் கீழை மேசை போட்டு, ஒவ்வொரு வாயாப் பாத்து, தாய்மாரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு அடியாதேங்கோ, கிணத்தை மாத்துங்கோ" எண்டவ. தட்டுங்கோ கையை!

வேறை சிலரும் வந்தவை, தேர்தலுக்கு முதல் மாதம். பிரஷ் குடுத்தவை. பிரஷிலை தங்கடை படம்! விடியக் காலமை அந்த முகத்தையோ வாய்க்குள்ளை வைக்கிறது? தண்ணியைப் பரிசோதிச்சுத் தாங்கோ எண்டால், "பாப்பம்." சனம் காசு குடுத்து, வடிகட்டின ஆர்.ஓ. தண்ணிக்குக் கானோடை நிக்குது, இவை கமராவோடை நிக்கினம்! சரி, விடுறன். விட மனமில்லை, நேரமில்லை.

பேஸ்ற்றிலும் புளோரைட்டுத்தானே எண்டு கேப்பியள். விழுங்காமல் துப்பினால் அது பல்லைக் காக்கும். மூண்டு வயதுக்குக் கீழை அரிசியளவு போதும். படுக்க முதலும் ஒருக்காத் தீட்டுங்கோ. சீனி வருத்தக்காரர் கவனம்: முரசு பழுதானால் சீனி அடங்காது, சீனி ஏறினால் முரசு இன்னும் பழுதாகும்.

முன்வரிசை அப்பு, கொடுப்புக்குள்ளை அடக்கினதைத் துப்பிப்போட்டு வாங்கோ! "புகையிலை இல்லை மேனே, வெறும் பாக்கு" எண்டுறியள். வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் எண்டு 2004இலையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் எழுதி வைச்சிட்டுது. இலங்கையிலை ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயிலை முன்னுக்கு நிக்கிறது வாய்ப் புற்றுநோய். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு கிழமையா ஆறாத புண் எண்டால் உடனை காட்டோணும். ஆஸ்பத்திரி தூரமோ? மிஸ் அங்கை கடைசி வரிசையிலை இருக்கிறா. கூட்டம் முடிஞ்சதும் முதல் ஆளா வாயைத் திறவுங்கோ அப்பு, டோர்ச் நான் பிடிக்கிறன்!