அயல் நகரும் அதன் ரொட்டியும்



பிறந்த ஊரின்மேல் பற்று வைத்தால் எவரும் காரணம் கேட்பதில்லை. பிறிதோர் ஊரின்மேல் பற்று வைத்தால் மட்டும் காரணம் கேட்கிறார்கள். கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நமக்கு இது புதிதன்று. "உங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒருவர் வினவும்போது, பாட்டனார் பிறந்த தாமிரபரணிக் கரையைச் சொல்வதா, நாம் வளர்ந்த கரமனையாற்றங்கரையைச் சொல்வதா என்று ஒரு கணம் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அதற்குத் துணையாக ஒரு நகரத்தையும் அந்நகரத்தின் ரொட்டியையும் எடுத்துக்கொள்கிறேன். அந்நகரம் புதுச்சேரி.

தமிழ் வழங்கும் புதுச்சேரியை அயல் நகர் எனலாமா? ஒரு காலத்தில் அது அயல் நகராகவே இருந்தது. 1674 ஆம் ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் அங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். இடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சிலகாலம் கைப்பற்றியிருந்தது நீங்கலாக, 1954 வரை அங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடியே. அந்தக் கொடியின் நிழலைத்தான் 1908 இல் பாரதியார் நாடினார். 1910 இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் நாடினர். ஆங்கிலேயரின் கைக்கு எட்டாத ஊராக இருந்தமையாலேயே அது புகலிடமாயிற்று.

ஆயினும் நேசம் குறையை மறைத்தல் ஆகாது. அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் ஒரு கால்வாய் நகரை இரு கூறாக்கி நின்றது. கடற்கரைப் பக்கம் வெள்ளையர் வாழ, மேற்கே தமிழர் வாழ்ந்தனர். கோதுமை விளையாத அந்தச் சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பிய ரொட்டி வந்ததும் ஆள்வோரின் உணவாகவே.

1954 அக்டோபர் 18 ஆம் நாள் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைவதையே வேண்டினர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 இல் அது சட்டப்படி நிறைவுற்றது. கொடி இறங்கிற்று, ஆனால் ரொட்டியடுப்பு அவியவில்லை. இன்றும் புதுவையில் நீண்ட பிரெஞ்சு ரொட்டி சுடப்படுகிறது. சுடுகின்ற கைகளோ தமிழ்க் கைகள். ஆள்வோர் போன பின்னும் அவர்தம் உணவு நிலைத்தது எவ்வாறு?

அந்த ரொட்டியின் இயல்பிலேயே விடை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் அதனைப் 'பகெத்' என்பர். கோல் என்பது பொருள். மாவு, நீர், உப்பு, நொதி ஆகிய நான்குமே அதற்கு வேண்டுவன. செல்வர்க்கென்று தனிச் சரக்கு ஒன்றுமில்லை. எல்லாம் காலத்திலும் கைப்பழக்கத்திலும் இருக்கிறது. பிசைந்த மாவைப் பொங்கவிட வேண்டும். அடுப்பினுள் நீராவி ஊட்டினால்தான் மேலோடு மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் அமையும். காலையில் சுட்டது மறுநாளுக்குள் விறைத்துவிடும்; ஆகவே ஊர் உறங்கும்போதே ரொட்டிக்காரர் விழித்திருக்க வேண்டும். புதுவையின் வெப்பத்தில் மாவு விரைந்து பொங்கிவிடும். பாரிசின் நாழிகைக் கணக்கு அங்கே செல்லாது. மாவின் குறிப்பறிந்து நடக்கும் அந்தப் பக்குவம் நம்மவர்க்குப் புதிதா? இட்லி மாவு கோடையில் எத்தனை நாழிகையில் புளிக்கும், மார்கழியில் எத்தனை நாழிகையில் புளிக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்தக் கடிகாரத்தையும் பாராமல் சொல்லிவிடுவார்கள். கேரளத்தில் கள் ஊற்றி அப்பமாவைப் பொங்கவைப்பதும் இதே தொழில்தான். அயலாரின் ரொட்டி நம் கைக்கு வந்தபோது அது முற்றிலும் அயலாக இருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் தம் ரொட்டியைப் பெரிதும் போற்றுகின்றனர். மரபு ரொட்டி என்ற பெயரில் விற்பதை உறையவைக்கலாகாது, சேர்ப்பு மருந்துகள் கலக்கலாகாது என்று 1993 இல் ஆணையே பிறப்பித்தனர். 2022 இல் அக்கைத்தொழிலை யுனெஸ்கோ நிறுவனம் மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் பாரிசின் பெருமையெனப் பேசப்படும் 'குருவாசான்' என்ற பிறை வடிவப் பண்டத்தின் பூர்விகம் வியன்னா. 1830களின் இறுதியில் ஆகஸ்ட் சாங் என்னும் ஆஸ்திரியர் பாரிசில் வியன்னா ரொட்டிக்கடை ஒன்றைத் திறந்தார். பின்வந்த பிரெஞ்சுக்காரர், வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காய் மடித்த மாவினால் அப்பண்டத்தைத் தமதாக்கிக்கொண்டனர். பாரிசுக்கே அது வந்தேறிய பண்டம்!

இனி நாம் வாழும் கேரளத்தைப் பார்ப்போம். இங்கும் புதுவையின் ஒரு துண்டு இருக்கிறது, அதுவே மாஹே. அதற்கு அண்மையிலுள்ள தலச்சேரியில் 1880 அளவில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கோத்துச் சாலை அமைத்தார். அத்தொழிலை அவர் கற்றது பர்மாவில். 1883 இல் மர்டோக் பிரவுன் என்னும் தோட்ட முதலாளி, சீமையிலிருந்து கொணர்ந்த கேக்கைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்யச் சொன்னாராம். மாஹேயிலிருந்து பிரெஞ்சுப் பிராந்தி வாங்கிச் சேர்க்குமாறும் சொன்னாராம். பாப்புவோ முந்திரிப்பழமும் வாழைப்பழமும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்துச் செய்து காட்டினார் என்பர். அக்குடும்பத்தின் கிளைகள் பிற்காலத்தில் கேரளத்து நகரங்கள் பலவற்றில் கடை வைத்தன. நம் திருவனந்தபுரமும் அவற்றுள் ஒன்று. இங்குக் கிறிஸ்துமஸ் நாளில் எல்லாச் சமயத்தாரும் கேக் வாங்குவதைக் காண்கிறோம்; அது எந்த நாட்டது என்று எவரும் கேட்பதில்லை.

நேயர்களே, அயற்பொருள் நமதாவது ஆணையினால் அன்று. நாள்தோறும் கைபட்டு, வாய்பட்டு, அவ்வூர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் இணங்கி அது நமதாகிறது. மனிதரும் அவ்வாறே. வாழும் ஊரின் மொழியைப் பேசி, அதன் தொழிலாளர் படும் பாட்டை அறிந்து, அதன் நன்மை தீமைகளில் பங்கு கொள்கிறவன் அவ்வூர்க்காரன் ஆகிறான். அதனால் அவன் தாயூரை இழப்பதில்லை. வீட்டில் இட்லி மாவு புளித்துக்கொண்டிருக்கும்போதே கடையில் ரொட்டி வாங்குவதில் முரண்பாடு ஏதுமில்லையே!

ஆகவே நம் பிள்ளைகளை யாரேனும் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், இரண்டு ஊர்களையும் தயங்காமல் சொல்ல அவர்களைப் பழக்குவோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வேண்டாம்.