வளவு முந்திரிகையும் மண்சாடியும்

கருங்கடலின் கீழ்க்கரையில் அமைந்துள்ள சிறுநாடு ஜோர்ஜியா. அந்நாட்டுச் சிற்றூர்களில் முந்திரிகைக்கொடி படராத வளவைக் காண்டல் அரிது. மேற்குப் பகுதியில் அக்கொடியை மரங்களின்மேல் ஏற்றிவிடும் பழைய வழக்கமும் உண்டு. இலையுதிர்காலம் வந்ததும் உற்றாரும் அயலாரும் ஒருங்குகூடிக் குலைகளைக் கொய்வர். ‘ருத்வேலி’ என்பது அவ்வறுவடை விழாவின் பெயர்.

கொய்த பழங்களை, அடிமரத்தைக் குடைந்தமைத்த தொட்டியிலிட்டுக் காலால் மிதிப்பர். சாறும் தோலும் விதையும் காம்பும் ‘குவெவ்ரி’ எனப்படும் பெருஞ்சாடியைச் சென்றடையும். முட்டை வடிவினதாய் மண்ணால் வனையப்பெற்று, உட்புறம் தேன்மெழுகு பூசப்பெற்று, வாய்மட்டும் வெளித்தெரிய நிலத்துட் புதைக்கப்பட்டது அச்சாடி.

அதன் பின்னர் நிகழ்வது மனிதன் தொழிலன்று. பழத்தோடு வந்த மதுவம் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றது. நொதித்தல் உயிர்களின் செயலே என்பதை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் தெளிவுபடுத்தினார். பொங்கியெழும் வாயு தோல்களை மேலே தள்ளுமாதலால், நாடோறும் பலமுறை அவற்றை அமிழ்த்திக் கிளறுதல் வேண்டும். பொங்குதல் தணிந்தபின் சாடியின் வாயை மூடி, காற்றுப் புகாவண்ணம் மண்ணால் அடைப்பர். ஐந்தாறு திங்கள் அது நிலத்தின் குளிர்ச்சியிற் கிடக்கும். விதைகள் குறுகிய அடியிற் படியும். மேலே மது தெளியும்.

இதில் அசட்டைக்கு இடமில்லை. காற்றுப் புகுமாயின் மது காடியாகும். சாடியிற் பழைய அழுக்குத் தங்குமாயின் புதிய மது கெடும். ஆதலால், செரிமரப் பட்டையாற் செய்த தூரிகைகொண்டு சாடியைத் தேய்த்துக் கழுவுவர். காபனீரொட்சைட்டு காற்றினும் பாரமானது. தாழ்ந்த இடத்திற் தேங்கி, அங்கு இறங்குவோரின் உயிரையே கவரவல்லது. எனவே காற்றோட்டமின்றிச் சாடிக்குள் இறங்குதல் ஆகாது.

தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மட்கலவோடுகளில், ஏறத்தாழ கி.மு. 6000ஆம் ஆண்டளவின் முந்திரிகை மதுவின் எச்சம் உள்ளதென 2017இல் ஆய்வாளர் அறிவித்தனர். இத்துணைத் தொன்மையான தொழிலுக்கும் இடர் வந்தது. சோவியத் ஆட்சிக்காலத்தில் ஆலைகள் மிகுவிளைச்சல் தரும் சில இனங்களையே பெரிதும் நாடின. 1985இல் தொடங்கிய மதுவெதிர்ப்பு இயக்கத்தில் பெருந்தோட்டங்கள் பல வேரோடு பெயர்க்கப்பட்டன. 2006இல் உருசியா இறக்குமதியைத் தடுக்கவே, ஆலைகள் தம் முதன்மைச் சந்தையை இழந்தன.

வளவுச் சாடிகளோ சந்தையை நம்பியிருக்கவில்லை. ஆலைகள் கைவிட்ட இனங்கள் பல வீட்டுப் பந்தல்களில் உயிர்பிழைத்தன. தந்தையின் கைப்பழக்கம் மைந்தனுக்கு வந்தது. 2013இல் யுனெசுக்கோ நிறுவனம் இம்முறையை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

ஒரு நாட்டின் கலை, அரண்மனையிலும் ஆலையிலும் மட்டும் வாழ்வதன்று. அரசுகள் மாறினும் சந்தைகள் மூடினும், வீட்டார் கைவிடாத தொழில் அழிவதில்லை என்பதற்கு மண்ணுட் புதைந்த அச்சாடிகளே சான்றாகும்.