சமநிலையும் தாங்கல் கரைசலும்

 

வெள்ளிவிழா மேடையில் வேதியியல் பாடமா என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. மேல்நிலை வகுப்பில் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர், "சமநிலைப் பாடத்தைச் சாய்ஸில் விட்டுவிட்டோம் ஐயா" என்கின்றனர். மருத்துவத்திற்கோ, செவிலியர் படிப்பிற்கோ, ஆய்வுக்கூடப் பணிக்கோ செல்ல விழைவோர்க்கு இப்பாடமே வாயிற்படி. வீட்டில் கேட்டறிய ஆளில்லாத பிள்ளை இதனை இன்று விட்டுவிட்டால், நாளை எவரும் எடுத்துத் தரப்போவதில்லை.

கோலி சோடாவை நீங்கள் அறிவீர்கள். அப்புட்டியினுள் அழுத்தத்துடன் அடைக்கப்பட்ட கார்பன் டை ஆக்சைடு வாயுவில் ஒரு பகுதி நீரில் கரைந்தும், மறுபகுதி நீருக்கு மேலும் நிற்கிறது. பார்வைக்கு அசைவே இல்லை. ஆயினும் நொடிதோறும் எத்தனை மூலக்கூறுகள் நீரை விட்டு மேலெழுகின்றனவோ, அத்தனை மூலக்கூறுகள் மீண்டும் நீரினுள் இறங்குகின்றன. கோலியைத் தள்ளியதும் மேலிருந்த வாயு வெளியேறுகிறது. இறங்குபவை குறைகின்றன; ஏறுபவை ஏறிக்கொண்டே இருக்கின்றன; நுரை பொங்குகிறது. சமநிலையில் உள்ள அமைப்பின்மீது ஒரு மாற்றத்தைச் செலுத்தினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் அமைப்பு நகரும் என்று 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லீ சாட்லியர் வகுத்த தத்துவம் இங்கே கண்முன் நிற்கிறது.

விடைத்தாள்களில் நான் காணும் தவறுகள் பெரும்பாலும் இரண்டே. சமநிலையில் வினை நின்றுவிடும் என்பது ஒன்று. வினைபடுபொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்கும் என்பது மற்றொன்று. நம் படிப்பகத்தில் 500 நூல்கள் அலமாரியிலும் 100 நூல்கள் வாசகர் இல்லங்களிலும் இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 10 நூல்கள் சென்று, 10 நூல்கள் திரும்பினால் இவ்வெண்கள் மாறா. சமமாக இருப்பது போக்கும் வரவுமே, இருப்பு அன்று. (நூல்கள் ஒழுங்காகத் திரும்புகின்றனவா என்பது நூலகரின் கவலை, அதனை இங்கே கிளற வேண்டா.)

இனித் தாங்கல் கரைசல். ஒரு லிட்டர் தூய நீரில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அதன் பி.எச். மதிப்பு 7-லிருந்து 2-க்கு வீழ்கிறது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஒரு லட்சம் மடங்கு பெருகிவிட்டது என்பது இதன் பொருள். அதே அளவு அமிலத்தை, 0.1 மோல் அசெட்டிக் அமிலமும் 0.1 மோல் சோடியம் அசெட்டேட்டும் கரைந்துள்ள ஒரு லிட்டர் கரைசலில் சேர்த்துப் பாருங்கள். 4.76 ஆக இருந்த மதிப்பு ஏறத்தாழ 4.67 ஆகிறது, அவ்வளவே. வந்த ஹைட்ரஜன் அயனிகளை அசெட்டேட் அயனிகள் பற்றிக்கொண்டு அசெட்டிக் அமிலமாக மாறிவிடுகின்றன. காரம் வந்தாலோ, அதனை எதிர்கொள்ள அசெட்டிக் அமிலம் காத்திருக்கிறது. இருவரும் உடனிருக்க வேண்டும்; ஒருவர் மட்டும் இருந்தால் இருபுறமும் காக்க இயலாது. இத்தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு. 0.1 மோல் அமிலத்தையும் சேர்த்துவிட்டால் அசெட்டேட் தீர்ந்துபோகும். அதன்பின் கரைசலால் தாங்க முடியாது.

சோடாப் புட்டியில் கண்ட அதே வாயு நம் குருதியிலும் கரைந்திருக்கிறது. அங்கே கார்பானிக் அமிலமும் பைகார்பனேட் அயனியும் இணைந்து தாங்கல் கரைசலாகப் பணிபுரிகின்றன. குருதியின் பி.எச். மதிப்பு 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்க வேண்டும். பைகார்பனேட்டு கரைந்த வாயுவைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு உள்ளது. 20-இன் மடக்கை 1.3, அதனுடன் இவ்விணைக்குரிய மாறிலியான 6.1-ஐக் கூட்டினால் 7.4. மருத்துவர் கையாளும் கணக்கு நம் பாடநூலின் ஹெண்டர்சன் சமன்பாடுதான்! ஓடி வந்தவன் மூச்சிரைப்பது ஏன் என்பதற்கும் இதில் விடையின் ஒரு பகுதி உண்டு. உடலில் அமிலம் மிகும்போது நுரையீரல் வாயுவை விரைந்து வெளியேற்றுகிறது. எஞ்சியதைச் சிறுநீரகங்கள் நிதானமாகச் சரிசெய்கின்றன.

பலர் அஞ்சுவது வேதியியலைக் கண்டு அன்று, மடக்கை அட்டவணையைக் கண்டுதான் என்பது என் கணிப்பு. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மேல்நிலை மாணவர்கள் அட்டவணையும் தாளுமாகப் படிப்பகத்திற்கு வருக. 4.67 எவ்வாறு வந்தது என்பதை உங்கள் கைகளாலேயே கணக்கிட்டுக் காண்போம். சோடாப் புட்டியை நான் கொண்டுவருகிறேன்.