மீட்டர்ல 28,000, வண்டி ஓடினது எவ்வளவு?

விழுப்புரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். திண்டிவனத்துல வேலை கிடைச்சிருக்கு, லைசென்ஸ் இப்பதான் கைக்கு வந்திருக்கு, காசு கம்மி. பத்து வருஷப் பழைய ஸ்பிளெண்டர் ரெண்டு பார்த்து வெச்சிருக்கார். ஒண்ணு கன்சல்டிங் கடையில நிக்குது, மீட்டர்ல 28,000. இன்னொண்ணு தெரிஞ்சவர் வண்டி, 86,000. "அண்ணா, கம்மியா ஓடினதையே எடுத்துடவா?"ன்னு கேக்குறார்.

தம்பி, முதல்ல ஒரு கணக்கு போடுங்க. விழுப்புரம் டு திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80. வருஷத்துக்கு 300 நாள்னா 24,000. நீங்களே ஓட்டினா நாலு வருஷத்துல லட்சத்தை நெருங்கிடுவீங்க. நம்ம பக்கம் வண்டி அப்படித்தான் ஓடுது. பத்து வருஷத்துல 28,000னா நாளைக்கு எட்டு கிலோமீட்டர்கூட வரல. ரிட்டயர்ட் வாத்தியார் மார்க்கெட்டுக்கு மட்டும் எடுத்த வண்டின்னா நடக்கும். இல்லேன்னா மீட்டர் கேபிள் அறுந்திருக்கும். இந்த மாதிரி பழைய வண்டிகள்ல முன் சக்கரத்துல இருந்து போற ஒரு கேபிள்தான் மீட்டரைச் சுத்துது. அறுந்தா மீட்டர் நின்னுடும், வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு ஏமாத்துக்காரர் தேவையில்ல, கேபிள் மாத்த சோம்பல்பட்டவர் போதும். இன்னொண்ணு, பல பழைய மீட்டர்ல முழுக் கிலோமீட்டருக்கு அஞ்சு இலக்கம்தான். 99,999 தாண்டினா திரும்ப பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்.

அதனால மீட்டரை விட்டுட்டு பிரேக் பெடலைப் பாருங்க. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், ஹேண்டில் கிரிப், சாவி போடுற ஓட்டை, இதெல்லாம் பாருங்க. பெடல் முனை வழவழன்னு தேஞ்சு கிடக்கு, மீட்டர் 28,000ன்னு சொல்லுதுன்னா பெடலை நம்புங்க.

86,000ஐக் கேட்டு பயப்பட வேண்டாம். நூறு சிசி வண்டி, நேரத்துக்கு ஆயில் மாத்தியிருந்தா ரொம்ப தூரம் போகும். ஸ்பேர் எல்லா ஊர்லயும் கிடைக்கும். பழைய சர்வீஸ் பில் இருக்கான்னு கேளுங்க. காலையில முன்னாடி சொல்லாம போய், இன்ஜின்ல கிட்ட கை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்காகவே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறினதும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. சைலன்சர்ல நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது, போர் பிஸ்டன் வேலை வரும். அந்தச் செலவை விலையில குறைச்சுக் கேளுங்க.

ஆனா புதுசா ஓட்டுறவருக்கு இன்ஜின் ரெண்டாம்பட்சம். இன்ஜின் நின்னா தள்ளிட்டுப் போலாம். ஜிஎஸ்டி ரோட்ல ஆம்னி பஸ் பக்கத்துல உரசிட்டுப் போறப்போ ஹேண்டில் ஆடினா? வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவா திருப்புங்க. நடுவுல ஒரு இடத்துல 'டக்'குன்னு பிடிச்சு நின்னா கோன் செட் போயிடுச்சு. ஃபோர்க்ல ஆயில் கசியுதா, பின் சக்கரம் பக்கவாட்டுல ஆடுதான்னு பாருங்க. டயர்ல நாலு இலக்கம் இருக்கும். 3518னா 2018ஓட 35ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் மழையில பிடிக்காது, மாத்திடுங்க. முன் பின் பிரேக் சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ், 125 சிசி வரைக்குமான எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரல்ல இருந்துதான் கட்டாயம். நீங்க பார்த்த வண்டியில அது இருக்காது. ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிச்சுப் பழக காலி ரோடு ஒண்ணு தேடிக்கோங்க.

நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு செக் இருக்கு. தண்ணி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறினப்போ மயிலத்துல கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. தென்பெண்ணைக் கரையோர ஊர்கள்ல வெள்ளம். அதுல முழுகின வண்டியும் இப்போ கழுவி பாலிஷ் போட்டு விலைக்கு வரலாம். சீட்டைக் கழட்டி அடியில பாருங்க, ஹெட்லைட் கூட்டுக்குள்ள பாருங்க. வண்டல் கோடு பாலிஷ் துணி எட்டாத இடத்துல நிக்கும். ஆயில் பால் விட்ட டீ நிறத்துல இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. அந்த வண்டி எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேண்டாம்.

இப்போ பேப்பர். விழுப்புரம் வண்டி டிஎன் 32, திண்டிவனம் டிஎன் 16, ரெண்டு ஊர்லயும் நடுவுல பிஒய் 01ம் நிறைய ஓடுது. பிஒய் வண்டி விலை குறைவா தெரியும். அங்க இருந்து என்ஓசி வாங்கி, இங்க வரி கட்டி, நம்பர் மாத்துற செலவையும் சேர்த்துப் பாருங்க.

கன்சல்டிங்ல "ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கியாச்சு, பேர் அப்புறம் மாத்திக்கலாம்"னு சொல்வாங்க. அந்த 'அப்புறம்' வருஷக்கணக்கா இழுக்கும். ஒரே மாநிலத்துக்குள்ள வித்தவர் 14 நாள்லயும், வாங்கினவர் 30 நாள்லயும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும். 2018ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு. உங்க தெரிஞ்சவர்கிட்ட இதைச் சொல்லுங்க, பேர் மாத்த அவரே உங்களுக்கு முன்னாடி ஆபீஸ் வாசல்ல நிப்பார். எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கான்னும் பாருங்க. பதிவு 15 வருஷத்துக்குத்தான், அது எப்போ முடியுதுன்னும் குறிச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா 86,000தான், தண்ணி படாம பில்லோட இருந்தா. பார்க்கப் போறப்போ விக்கிறவருக்குப் பழக்கமில்லாத மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு மணி நேரத்துக்கு அவர் கேக்குற கூலியைக் கொடுத்துடுங்க, டீயோட நிறுத்திடாதீங்க.